நான்காம் விதி

ராத்திரி ஒன்றே முக்கால்.
ராயபுரத்தில், மின்விசிறிக்குக் கீழே நான்.
சாத்தாங்காட்டில், எடைமேடைக்குப் பின்னால்,
ஏசித் தண்ணீர் பக்கெட்டில் சொட்டும் அறையில்
என் சர்வர்.
நடுவே எட்டு ஒன்பது கிலோமீட்டரும்
ஒரு கறுப்புத் திரையும்.

யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.
ரூட் என்கிறார்கள். அட்மின் என்கிறார்கள்.
டெஸ்ட், கெஸ்ட், ஆரக்கிள்,
யாரோ ஒரு டேவிட்.
அழைப்பில்லாத கல்யாணத்தில்
ஒருமுறை மாப்பிள்ளை வீடு என்றும்
அது செல்லாவிட்டால் பெண் வீடு என்றும்
சொல்லிப் பார்ப்பவனைப் போல
நொடிக்கு நாலு பெயர்.

போர்ட்டில் வேலை என்று சொன்னால்
எதிர்வீட்டு ஃபிலோமினா
நான் கிரேன் ஓட்டுவதாக நினைக்கிறாள்.
என் போர்ட் இருபத்திரண்டு.
அதில் கப்பல் வராது, டேவிட்தான் வருவான்.

கடவுச்சொல்லை எப்போதோ எடுத்தாயிற்று.
சாவி இருந்தால்தான் உள்ளே.
டேவிட்டால் ஒன்றும் ஆகாது, தெரியும்.
ஆனாலும் அந்த இரைச்சல்.
எடைக் கணக்கை நிறுத்தி
பேட்ச் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில்
கை சும்மா இருக்கவில்லை, விதி எழுதினேன்.
முதல் மூன்றும் எடைமேடைக்கு, கணக்குப் பிரிவுக்கு, கேமராவுக்கு.
நான்கு: மற்ற எவரையும் மறு.
ஐந்து: என்னை விடு.

இயந்திரம் மேலிருந்து கீழே படிக்கும்.
நான்கில் நான் நின்றுபோனேன்.
ஐந்துவரை அது வரவே இல்லை.

ஐந்து நிமிடத்தில் பழையதை மீட்டுவிடு என்று
ஒரு வரி எழுதிவைத்த பிறகுதான்
விதியைத் தொட வேண்டும்.
புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை
முதல் நாளே சொல்பவள் நான்.

எழுத்து விழவில்லை.
நாலரைக்கு முதல் ட்ரெய்லர்.
ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

காசிமேட்டில் ஏலம் தொடங்கியிருந்தது,
ஐஸ் உடையும் சத்தம்
ரோடுவரை வந்தது.
விரைவுச் சாலையில் கன்டெய்னர்கள்
டோல்கேட் தாண்டியும் ஒற்றை வரிசை.
ஸ்டியரிங் மேல் கால் போட்டுத் தூங்குகிறார் ஒருவர்,
டயர் நிழலில் அடுப்பு பற்றவைக்கிறார் இன்னொருவர்.
கல் தடுப்பில் அலை மோதி
முகத்தில் உப்பு.
மணலிப் பக்கம் திரும்பியதும் அந்த வாசனை,
புகைபோக்கி நுனியில் அணையாத தீ.

கேட்டில் துலுக்காணம்.
‘கார்டு?’
மேசைமேல் கிடக்கிறது, ராயபுரத்தில்.
‘என்னைத் தெரியாதாண்ணே?’
‘தெரியும் மேடம். கார்டு?’

ஷிஃப்ட் மேனேஜர் போனை எடுக்கவில்லை.
கொசு.
பேட்ச் பாதியில்.
‘கார்டு இல்லாம ஆரையும் விடக்கூடாதுன்னு
வெள்ளிக்கிழமதான் பேப்பர் வந்துச்சி.’
டார்ச் அடித்துக் காட்டினார்.
கூண்டுச் சுவரில் ஒட்டியிருந்தது,
அடியில் என் கையெழுத்து.

சொல்ல ஒன்றுமில்லை எனக்கு.
அவரோ தாளைப் பின்பக்கம் திருப்பி
விரல் வைத்து, எழுத்துக் கூட்டி,
‘இத்தப் பாருங்க’ என்றார்.
*மறந்து வந்தவரை, உடன் ஒருவர் நின்று, அனுமதிக்கலாம்.*
நான் எழுதியதுதான்.
எழுதியதே நினைவில்லை.

கூடவே வந்தார்.
கதவோரம் நின்றார், திரையைப் பார்க்கவில்லை,
என் கைகளையே பார்த்தார்.
இத்தனை வருடத்தில்
என் கைகளை யாரும் இப்படிக் காவல் காத்ததில்லை.
ஐந்தை மேலே ஏற்றினேன். நான்கைக் கீழே இறக்கினேன்.
பேட்ச் முடிந்தது. கணக்கு ஓடத் தொடங்கியது.
டேவிட் வாசலுக்கு வெளியே எங்கோ,
இனி சத்தமில்லாமல்.

திரும்பும்போது பெரிய நோட்டை நீட்டினார்.
பெயர் எழுதினேன். நேரம், மூன்று ஐம்பது.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
அவரே வாங்கி எழுதினார்:
‘வெளிய மாட்டிக்கினாங்க.’

பின்னால் ட்ரெய்லர் ஹாரன் அடித்தது.
‘இரு, இரு’ என்று அவர்
அதன் கார்டைப் பார்க்கப் போனார்.